செருப்பு கடிக்கிறதா, செல்லங்களே?

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம், இன்று அவனுக்கே உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல ஓட்டக்காரன். மணி அடித்தால் முதல் ஆளாக மைதானத்தில் நிற்பான்.

ஒரு வருடம் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவன் மட்டும் வரவில்லை. கேட்டால், "வயிறு வலிக்குது சார்" என்றான். அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை. நடக்கும்போது பார்த்தேன்... தரையில் முள் கிடப்பதுபோல் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறான்!

"ஷூவைக் கழற்றுடா" என்றேன். மாட்டேன் என்று அடம் பிடித்தான். ஒருவழியாகக் கழற்றினால், சாக்ஸில் ரத்தம் ஒட்டியிருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. கட்டை விரல் நகம் கறுத்துப்போயிருந்தது. காரணம் என்ன தெரியுமா? போன வருடம் வாங்கிய ஷூ. இவன் கால் வளர்ந்துவிட்டது, ஷூ வளரவில்லை! பள்ளி திறந்த நாளிலிருந்து இரண்டு மாதமாக விரல்களை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டே நடந்திருக்கிறான்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல சார். அக்காவுக்கு ஃபீஸ் கட்டணும்னு பேசிக்கிட்டிருந்தாரு."

மில் தொழிலாளியான அவன் அப்பாவை வரச் சொன்னேன். அவர் மகனின் காலைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. "ஏன்டா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வேறு ஷூ வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பையன் அணிவகுப்பில் நடந்தான்.

செருப்பு, ஷூ பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கால்தான்.

காலணிக்காகப் பாரிஸ் வரை!

செருப்பு விஷயத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்கள் காலணி விஷயத்தில் சாதாரண ஆட்கள் இல்லை!

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட காலம். ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்றவர். அவர் வாழ்ந்த மாளிகை நம் ஊரில் இன்றும் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த மரியாதைகளைப் பட்டியலிடும்போது பல்லக்கு, மேளதாளம், தங்கப் பிடி போட்ட கைத்தடி இவற்றோடு தங்க வேலைப்பாடு செய்த செருப்பையும் சேர்த்துச் சொல்கிறார்கள். செருப்பு போட்டுக்கொள்வதே அன்று ஒரு சலுகை! அப்படியானால் மற்றவர்கள் நிலை என்ன? வெறுங்கால்தான்.

பிறகு ஒரு நூறாண்டு கழிந்தது. 1873-ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போடுவதுபோல ஷூவும் காலுறையும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். நம்மவர்கள் அப்படிப் போகக் கூடாது என்பது அன்றைய வழக்கம். நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. அபராதம் போட்டுவிட்டார்!

பொன்னுத்தம்பி என்ன செய்தார்? தலையைக் குனிந்துகொண்டு ஷூவைக் கழற்றவில்லை. பிரான்சின் மிக உயர்ந்த நீதிமன்றம் இருந்த பாரிஸுக்கே மேல்முறையீடு செய்தார். அங்கே ஜூல் கொதேன் என்ற வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். தீர்ப்பு பொன்னுத்தம்பி பக்கம்! பின்னால் 1881-இல் வந்த ஓர் ஆணையின்படி அவர் 'லா போர்த்' என்ற பிரெஞ்சுப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு 'வாசல்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

பல கிராமங்களில் சாதியைச் சொல்லி, "எங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போ" என்று மனிதர்களை அவமானப்படுத்திய கொடுமையும் நம் நாட்டில் நடந்தது. ஒரு செருப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காலணிக்காக ஒருவர் பாரிஸ் வரை போயிருக்கிறார். நீங்கள் சமையலறை வரை போய், "அம்மா, ஷூ கடிக்குது" என்று சொல்லக் கூடாதா?

26 எலும்புகளின் வண்டி

உங்கள் ஒரு பாதத்தில் எத்தனை எலும்புகள் தெரியுமா? 26! இரண்டு பாதத்துக்கும் சேர்த்தால் 52. வளர்ந்த மனிதனின் உடம்பில் மொத்தமே 206 எலும்புகள்தான். கால்வாசி எலும்புகள் காலடியிலேயே இருக்கின்றன.

உங்கள் வயதில் அவற்றில் பல பகுதிகள் இன்னும் முழுதாக இறுகவில்லை. காது மடலைத் தொட்டுப் பாருங்கள், வளைகிறதல்லவா? அதுபோன்ற குருத்தெலும்பு பாதத்திலும் இருக்கிறது; மெல்ல மெல்லத்தான் எலும்பாகிறது. வளரும் கொடியைக் குறுகலான சட்டத்துக்குள் விட்டால் எப்படி ஆகும்? சிறிய ஷூவுக்குள் அடைத்த காலும் அப்படித்தான்.

அதற்காக இரண்டு நம்பர் பெரிதாக வாங்கிவிடலாமா? என் அப்பா அப்படித்தான் செய்தார். "வளர்ற பிள்ளை" என்பார். முன்னால் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டேன். நடந்தால் 'டொப் டொப்' என்று சத்தம் வரும். வகுப்பில் எனக்குக் 'குதிரை' என்று பெயர்! கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கியதால் அதிலும் கொப்புளம் வந்தது. செருப்பு சின்னதாக இருந்தாலும் கடிக்கும்; பெரிதாக இருந்தாலும் கடிக்கும்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. 1968-இல் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வகுப்பில் செருப்பு போட்டு வந்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். பழைய லாரி டயரை வெட்டிச் செய்த செருப்புதான் எனக்கு முதல் செருப்பு. தேயவே தேயாது. ஆனால் கல்மாதிரி கனக்கும்.

"என்ன நம்பர்?"

கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 4, 5, 6 என்று நாம் சொல்வது ஆங்கிலேய அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏன் மூன்றில் ஒன்று? அந்தக் காலத்தில் வாற்கோதுமை மணியை வைத்து அளந்தார்களாம். மூன்று மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம்!

ஷூவின் அடியில் 35, 36 என்று இன்னோர் எண்ணும் இருக்கும், பாருங்கள். அது பிரெஞ்சு அளவு. 'பாரிஸ் பாயிண்ட்' என்று பெயர். அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு கூடும். ஆக ஆங்கிலேயர் ஒருபக்கம், பிரெஞ்சுக்காரர் ஒருபக்கம். நம் காலுக்கு என்று நம் அளவு?

அதைத்தான் சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. 1948-இல் தொடங்கிய நிறுவனம் அது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தார்கள். தெரிய வந்தது என்ன? பொதுவாக நம்மவர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம்! நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் ஏன் கடிக்கிறது என்பது இப்போது புரிகிறதா? இந்திய அளவுக்குப் 'பாரத்' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு 'பா' என்று பெயர் வைக்கலாம் என்று அவர்கள் முன்வைத்த செய்தி 2024-இல் வெளிவந்தது.

அதனால் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 4, இன்னொரு கம்பெனியின் 5 ஆக இருக்கும். நம்ப வேண்டியது உங்கள் காலை.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளைத் தரையில் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். குதிகால் சுவரில் படும்படி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. நிற்கும்போதுதான் எடை இறங்கிப் பாதம் விரியும். தம்பியையோ தங்கையையோ பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். கூசும், சிரிக்காமல் நிற்க வேண்டும்! இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். எது நீளமான விரல் என்றும் பாருங்கள். சிலருக்குக் கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம்.

வரைந்த தாளைக் கோட்டின் மேலேயே வெட்டிக் கடைக்கு எடுத்துப்போங்கள். ஷூவுக்குள் விட்டுப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்த ஷூ உங்களுக்கு வேண்டாம். அதற்காகப் போட்டுப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் ஓடியாடிய கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு ஷூவையும் போட்டு எழுந்து நின்று, விரிப்பு இல்லாத தரையில் நடந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே பியானோ வாசிப்பதுபோல் அசைக்க முடிய வேண்டும்.

"போடப் போடச் சரியாயிடும்!" இப்படி யாராவது சொன்னால் உஷார்! எனக்கு ஒரு கடைக்காரர் அப்படித்தான் ஒரு ஷூவை விற்றார். ஆறு மாதம் போட்டேன். ஷூ சரியாகவில்லை, காலில் ஆணி வந்ததுதான் மிச்சம். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் நெகிழும், நீளத்தில் நெகிழாது. ரெக்சினும் பிளாஸ்டிக்கும் பெரிதாக நெகிழவே நெகிழாது.

அடுத்தது, ஷூவை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடக்கும்போது உங்கள் பாதம் எங்கே மடங்குகிறது? விரல்கள் தொடங்கும் இடத்தில். ஷூவும் அங்கேதான் மடங்க வேண்டும். நட்ட நடுவில் அப்பளம்போல் மடங்கினால் பாதத்துக்குத் தாங்கல் இல்லை. எங்குமே மடங்காமல் பலகை மாதிரி இருந்தாலும் வேண்டாம். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்பகுதியை விரலால் அழுத்தினால் உறுதியாக நிற்க வேண்டும்.

திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைதான். வழவழப்பான அடியோடு ஈர டைல்ஸ் தரையில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! ஆழமான கோடுகள் வேண்டும். நல்ல ரப்பர் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும், நன்றாக உழைக்கும். மலிவான பி.வி.சி. கனக்கும், வழுக்கும். இலேசான பஞ்சு போன்ற அடிப்பாகம் கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் சில மாதங்களில் குதிகால் படும் இடம் அமுங்கிவிடும். அமுங்கியபின் அது வெறும் அட்டை.

இன்னொரு வேடிக்கை. விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று நல்ல ஷூவைப் பீரோவில் எடுத்து வைப்பார்கள். மூன்று நான்கு வருடம் கழித்துப் போட்டுக்கொண்டு போனால், கல்யாண மண்டப வாசலில் அடிப்பாகம் கேக் மாதிரி உதிரும்! எலி கடிக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடிப்பாகத்துக்குக் காற்றிலுள்ள ஈரம் எதிரி. கடலோர ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமா? அதை எடுத்து எடுத்துப் போட்டு நடந்திருக்கலாம்!

ஹவாய் செருப்பு வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் நல்லது. ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் அது ஆகாது. விரல்கள் வாரைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் செருப்பு கழன்று பெடலில் மாட்டும். அதற்குப் பின்னால் பட்டை வைத்த சாண்டல் வாங்குங்கள். வார் பிய்ந்த செருப்பில் அடியில் ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வது எங்கள் காலத்து வைத்தியம். அந்த ஊக்கு ஒருநாள் பாதத்திலேயே குத்தி, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

வாங்கியதும் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொடுத்து, அடிப்பாகத்தைச் சுற்றித் தையல் போட்டு வாங்குங்கள். பசையால் மட்டும் ஒட்டியது மழையில் வாயைப் பிளக்கும். தையல் போட்டது தாங்கும். அவர் குத்தூசியை நுழைத்து நூலை இழுக்கும் வேகத்தை நின்று பாருங்கள். எந்தச் செருப்பு உழைக்கும், எது உழைக்காது என்று ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? என் செருப்புகளை அவரைக் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

நனைந்த ஷூவை வெயிலில் காயப் போடாதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும். கடற்கரையில் விளையாடிய செருப்பை வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பும் மணலும் அரிக்கும்.

வெறுங்காலே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தமான மணலில் வெறுங்காலோடு ஓடுவது பாதத் தசைகளுக்கு நல்ல பயிற்சி. ஆனால் மலம் கழிக்கும் இடங்களில் உள்ள மண்ணில் கொக்கிப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். அவை பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலி வந்ததற்கு மகிழ்ந்த டாக்டர்

கடிக்கும் செருப்பைக் கடிக்கிறது என்று சொல்ல, நமக்கு வலி தெரிகிறது. வலியே தெரியாவிட்டால்?

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் காலில் ஏன் ஆறாத புண் வருகிறது? நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அன்று நினைத்தார்கள். அவர் கூர்ந்து கவனித்துச் சொன்னார்: நோய் தின்னவில்லை, நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. ஆணி குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் புண்!

ஒருமுறை அவர் லண்டனில் நீண்ட ரயில் பயணம் முடித்து வந்து, இரவில் சாக்ஸைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் கலங்கிக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். 'ஆ!' என்று கத்தினார். அவ்வளவு மகிழ்ச்சி! பயணத்தில் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மரத்த கால்களுக்காக வேலூர் பக்கத்தில் உருவாகிப் பரவியதுதான் எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுவதும் பரவும். இன்று அதை அதிகம் போடுபவர்கள் யார் தெரியுமா? சர்க்கரை நோய் உள்ளவர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். சின்னக் காயம் பெரிய புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வந்தவர்கள் உண்டு.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதா? அவர்களுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. உங்களுக்குத்தான் கூர்மையான கண் இருக்கிறதே! ராத்திரி படுக்கும் முன் அவர்கள் பாதத்தில் வெடிப்போ, சிவப்போ, கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். காலையில் செருப்பு போடும் முன் அதைக் கவிழ்த்துத் தட்டுங்கள்.

எனக்கும் சர்க்கரை உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அப்போது ஒரு நடை போய்வருவேன். நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்திதான் என் செருப்பை எடுத்துக் கவிழ்த்து, 'டக் டக்' என்று தட்டிப் போடுவாள். தினமும் ஒன்றும் இருக்காது. போன வாரம் ஒரு கூழாங்கல் விழுந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, நேத்து பூரா இதோடயா நடந்தீங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். டார்ச் லைட் அடித்துப் பார்த்து, "இங்க கொஞ்சம் செவந்திருக்கு" என்றாள். அன்று நடைக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனோம்.